மூடிச் சோறு

வேண்டாங்க, நீங்க சாப்பிடுங்க. ஐயோ, மூடியில வெக்காதீங்க டீச்சர், மூடியில மட்டும் வேண்டாம். டீச்சர்தானே நீங்க? ராஜபாளையத்துல ஏறும்போது பரீட்சைப் பேப்பர் திருத்தணும்னு போன்ல பேசிக்கிட்டிருந்தீங்களே, காதுல விழுந்துச்சு. சரி, வெச்சுட்டீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கட்டும். எலுமிச்சம்பழச் சோறா? நல்லா மஞ்சளா இருக்கு. நீங்க ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க.

எங்கிட்டயும் டப்பா இருக்குங்க. இதோ மடியில. இதைப் பாத்துட்டுத்தானே குடுத்தீங்க, இந்தம்மா டப்பாவை வெச்சுக்கிட்டே சாப்பிடாம உக்காந்திருக்காங்களேன்னு? தெரியாமலே சரியாச் செஞ்சிருக்கீங்க. மடியில டப்பா இருந்தா மூடி வரணும். எங்க கம்பெனியில அதுதான் வழக்கம். வழக்கமா இருந்துச்சு. அதை இல்லாம பண்ணது நான்தான்.

நான்தான்னு சொன்னேன் பாருங்க, அதுவும் முழுசா சரியில்ல. திட்டம் என்னோடது. ஆனா திட்டத்துல ஒரு குறையும் கிடையாது. இன்னைக்கும் அந்த ஃபைலை எடுத்துப் பாக்கலாம், ஒரு வரி குத்தம் சொல்ல முடியாது. அதுதான் டீச்சர் எனக்கு ஆறவே மாட்டேங்குது. தப்பு பண்ணியிருந்தா தப்புன்னு அழுதுட்டுப் போயிரலாம்.

என் பேரு கலாராணி. சொந்த ஊரு வத்தலக்குண்டு. இருபது வருஷமா திருப்பூர்ல ஒரே பனியன் கம்பெனி. பேரு வேண்டாம். அறுநூறு பொம்பளைங்க வேலை பாக்கற கம்பெனி, வெளிநாட்டுக்கு டீ சர்ட் போகுது. இப்ப அங்க நான் எச்.ஆர். ஆள் எடுக்கறது, லீவு குடுக்கறது, மீட்டிங் போடறது எல்லாம் என் கையிலதான். உள்ள போனப்ப பிசிர் வெட்டற வேலை. தைச்சு வர்ற துணியில நூல் தொங்கும்ல, அதைக் கத்திரிக்கணும், நாள் பூரா நின்னுக்கிட்டே. அப்ப எனக்கு இருபது வயசு, வயித்துல அஞ்சு மாசம். என்னைக் கூட்டிட்டு வந்தவன் அதுக்குள்ள கம்பி நீட்டிட்டான். அந்தக் கதை எல்லா ஊர்லயும் இருக்கறதுதான், விடுங்க.

மொத நாள் மத்தியானம் மணி அடிச்சுது. தையல் கட்டடத்துக்கும் குடோனுக்கும் நடுவுல ஒரு ஷெட்டு, எல்லாரும் அங்கதான் தரையில உக்காந்து சாப்பிடுவாங்க. வட்டம் வட்டமா. ஒரு வட்டத்துல ஏழு பேர், எட்டு பேர். தையல்காரி, செக்கிங், அயர்ன் போடறவ, பேக்கிங்ல இருக்கறவ எல்லாம் கலந்துதான் இருப்பாங்க. நான் எதுலயும் சேராம ஒரு தூண் ஓரமா உக்காந்தேன். டப்பாவை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டேன். காலி டப்பாதான். வெறுங்கையோட போனா நாலு பேர் என்ன நெனப்பாங்கன்னு தூக்கிட்டுப் போனது.

"ஏளா, வயித்துப் பிள்ளைக்காரி, அங்கன என்ன தனியா? இங்கன வா"ன்னு ஒரு குரல். அதுதான் செல்லத்தாய் அக்கா. என்னைவிட ஒம்போது வயசு மூப்பு, அதுவும் பிசிர்தான். சங்கரன்கோயில் பக்கம். இப்ப நான் அங்க போயிட்டுத்தான் வர்றேன்.

போயி உக்காந்தேன். யாரும் ஒண்ணும் கேக்கல. அக்கா தன் டப்பா மூடியை மல்லாத்தி வெச்சு ஒரு பிடி சோறு போட்டுப் பக்கத்துல தள்ளுச்சு. அடுத்தவ ஒரு பிடி. அதுக்கடுத்தவ முட்டையில பாதி. மூடி ஒரு சுத்து சுத்தி வந்து என் முன்னால நின்னுச்சு. நான் தலையைத் தூக்கிப் பாக்கறேன், ஒருத்தரும் என்னைப் பாக்கல. சூப்பர்வைசர் பொண்டாட்டிக்கு ரெட்டைப் பிள்ளையாமேன்னு பேச்சு எங்கயோ போயிக்கிட்டிருக்கு. ஏழு வீட்டுக் குழம்பு ஒரு மூடியில. அந்த ருசி எனக்கு இன்னும் நாக்குல இருக்கு டீச்சர்.

அது வழக்கம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. சோறு இல்லாதவ இல்லன்னு வாயால சொல்ல வேண்டியதில்ல. டப்பாவைத் தொறக்காம மடியில வெச்சுக்கிட்டா போதும், மூடி கெளம்பிரும். ஏன், என்னன்னு கேக்கக் கூடாது. பாவம்னு ஒரு பார்வைகூடப் பாக்கக் கூடாது. நாளைக்கு வேற ஒருத்தி மடியில டப்பா இருக்கும், அப்ப நம்ம கையும் மூடிக்குப் போகணும். அவ்வளவுதான். நான் பதினோரு மாசம் அந்த மூடியில சாப்பிட்டேன். என் மக இந்த உலகத்துக்கு வர்றதுக்கு முன்னாலயே அந்தச் சோத்தைத் தின்னவ. இப்ப காலேஜ்ல ரெண்டாவது வருஷம்.

என்னை ஆபீசுக்கு அனுப்புனதும் அக்காதான். வருகைப் பதிவு எழுதறவர் வேலையை விட்டுட்டுப் போனப்ப மேனேஜர்கிட்டப் போயி நின்னு, "இந்தக் கலா பன்னெண்டு வரைக்கும் படிச்சவ சார், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்"னு சொல்லுச்சு. என்னைக் கேக்கவே இல்ல. நான் உள்ள போனேன். தபால்ல பி.ஏ. முடிச்சேன். எழுத்தர், அசிஸ்டென்ட், அப்புறம் எச்.ஆர். ஆபீஸ் ஆளுங்களுக்குச் சாப்பிடத் தனி ரூம், ஏ.சி. போட்டது. ஷெட்டுல உக்காந்து சாப்பிடறது நின்னுபோச்சு. நானா நிறுத்தல. அங்க போயி உக்காந்தா மத்தவங்க ஃப்ரீயா பேச மாட்டாங்கன்னு மேனேஜர் சொன்னாரு. சரின்னு பட்டுச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி என்னாச்சுன்னா, வெளிநாட்டுல இருந்து ஒரு பெட்டி திரும்பி வந்துருச்சு. வெள்ளை டீ சர்ட்ல குழம்புக் கறை. ஷெட்டுல சாப்பிட்டுட்டு பக்கத்துலயே கட்டு கட்டா துணி அடுக்கியிருந்தா வேற என்ன ஆகும்? முதலாளி ருத்ர தாண்டவம் ஆடிட்டாரு. பெங்களூர்ல இருந்து ரெண்டு பேரை வரவழைச்சாரு. கம்பெனியில ஒரு மாத்தம் கொண்டு வரணும்னா எப்படிக் கொண்டு வரணும்னு அவங்க எனக்கு மூணு நாள் பயிற்சி குடுத்தாங்க. ஏழு படி. ஏன்னு சொல்லு, முன்கூட்டியே சொல்லு, கருத்துக் கேளு, பழக்கிக் குடு, சின்னதா செஞ்சு பாரு, அளந்து பாரு, பாராட்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மொத தடவையா ஒரு வேலையை முழுசா என் பொறுப்புல விட்டாங்க டீச்சர். பிசிர் வெட்டினவகிட்ட.

திட்டம் இதுதான். ஷெட்டுல சாப்பிடக் கூடாது. கேன்டீனைப் பெருசாக்கி மேஜை, நாற்காலி. ஒரே மணிக்கு அறுநூறு பேர் போனா இடம் பத்தாது. அதனால மூணு பேட்ச். செக்கிங்கும் பிசிரும் பதினொண்ணே முக்காலுக்கு, தையல் பன்னெண்டரைக்கு, அயர்ன், பேக்கிங் ஒண்ணேகாலுக்கு. மேஜைக்கு நாலு பேர், டோக்கன் நம்பர் வரிசைப்படி, அதான் ஆளுக்கு ஆள் கம்பெனி குடுக்கற நம்பர். மேஜை மேலதான் டப்பா இருக்கணும். கை கழுவ வரிசையில நிக்க வேண்டாம், வெயில்ல உக்கார வேண்டாம், மெஷினும் நிக்காது. யாருக்கு நஷ்டம் சொல்லுங்க?

ஏழு படியும் ஏறினேன். ஏன்னு சொன்னேன், அந்தக் கறைபட்ட டீ சர்ட்டையே தூக்கிக் காட்டினேன். மூணு கூட்டம் போட்டேன். "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"ன்னு மைக்கை நீட்டி நீட்டிக் கேட்டேன். எல்லாரும் கைதட்டுனாங்க. ஒரு பெட்டி வெச்சேன், பேரு போடாம எழுதிப் போடலாம்னு. நாப்பத்தோரு சீட்டு வந்துச்சு. மின்விசிறி வேணும்னு முப்பது, மோர் குடுத்தா தேவலைன்னு ஆறோ ஏழோ. ஒரு சீட்டுல "வட்டத்தைப் பிரிக்காதீங்க"ன்னு மட்டும் இருந்துச்சு. பெங்களூர் சார்கிட்டக் காட்டினேன். பழகின இடத்தை விட்டு வர மனசு வராது, இது எல்லா மாத்தத்துலயும் வர்றதுதான், நாலு வாரத்துல சரியாயிரும்னாரு. நான் அதை "பழக்கம்"னு தலைப்புப் போட்டு ஃபைல்ல வெச்சேன். பாத்திமுத்து கையெழுத்துன்னு எனக்குத் தெரியும். எங்க வட்டத்துல இருந்தவ, திண்டுக்கல்காரி, அயர்ன்ல வேலை. பேரு போடாதீங்கன்னு நானே சொல்லிட்டுக் கூப்பிட்டுக் கேக்கறது முறையில்லன்னு விட்டுட்டேன். பாருங்க, அதுலகூட நான் முறையாத்தான் நடந்திருக்கேன்.

அக்காவும் வந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். பேட்ச் ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுச்சு. உள்ள வாக்கான்னேன். கதவைப் புடிச்சுக்கிட்டே நின்னுச்சு.

"கலா, என்னைய அந்தப் பாத்திமுத்து சாப்பிடுத நேரத்துல போட்டுருதியா?"

"ஏன்க்கா?"

"சும்மாதான். பேச்சுத் துணைக்கு."

பேச்சுத் துணைக்குன்னா நான் என்ன செய்ய முடியும்? அறுநூறு பேருக்கும் பேச்சுத் துணை இருக்கும்ல. ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு நூறு பேர் வாசல்ல நிப்பாங்க. அதுவும் எனக்கு வேண்டப்பட்டவங்களுக்கு மாத்தினா என்ன பேசுவாங்க? அதைத்தான் சொன்னேன். நல்ல விதமாத்தான் சொன்னேன். "ஒரு மாசம் பாருக்கா, பழகிரும்"னு. அக்கா சிரிச்சுச்சு. "செரிளா, நீ பாத்துச் செஞ்சா செரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? எங்கிட்ட? நான் என்ன யாரோவா?

அதுக்கப்புறம் எல்லாம் கடியாரம் மாதிரி ஓடுச்சு. நான் தெனமும் மூணு பேட்சுக்கும் கேன்டீனுக்குப் போயி ஒரு சுத்து வருவேன். கையில அட்டை, பேனா. அளந்து பாக்கணும்ல, ஆறாவது படி. மூணாவது நாளோ நாலாவது நாளோ, பதினொண்ணே முக்கா பேட்ச். பதினேழாம் நம்பர் மேஜையில அக்கா உக்காந்திருந்துச்சு. கூட மூணு ஒடிசாப் பொண்ணுங்க. அதுங்களுக்கு ஹாஸ்டல்ல இருந்து தட்டு வந்துரும், பாஷையும் தெரியாது, தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டிருக்குதுங்க. அக்கா நிமிந்து உக்காந்து ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டிருந்துச்சு.

டப்பா மடியில.

ரெண்டு கையும் டப்பா மேல.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? பக்கத்துல போனேன். கூட சூப்பர்வைசர் நிக்கறாரு, அதனால வாங்க போங்கன்னுதான் பேசணும். "அக்கா, டப்பாவை மேஜை மேல வைங்க. மடியில இருந்தா சேலையில கறை படும்"னேன். அக்கா என் மூஞ்சியைப் பாத்துச்சு. ரொம்ப நேரம்னு இப்பத் தோணுது, அப்ப அப்படித் தோணல. டப்பாவை எடுத்து மேஜை மேல வெச்சுச்சு. வெச்சப்ப ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. காலி எவர்சில்வர் டப்பாவுக்கு ஒரு சத்தம் உண்டு. உங்களுக்கும் தெரியும், எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். என் காதுல விழுந்துச்சு டீச்சர். விழுந்துச்சு. நான் அட்டையில பதினேழாம் மேஜைக்கு நேரா ஒரு டிக் போட்டுட்டு பதினெட்டுக்குப் போயிட்டேன்.

போட்டோகூட எடுத்தேன், ரிப்போர்ட்டுக்கு. மேஜை மேல டப்பா, பின்னால அக்கா சிரிச்ச முகமா. முதலாளிக்கு ரொம்பப் புடிச்சுது. அந்தப் போட்டோவைப் பெருசாப் போட்டு கேன்டீன் வாசல்ல மாட்டியிருக்காங்க.

பஸ் நிக்குதே, எந்த ஊரு? கிருஷ்ணன்கோவிலா. சரி. நீங்க திருமங்கலம்தானே, இன்னும் நேரம் இருக்கு.

நாலு மாசம். நாலு மாசம் அக்கா அப்படித்தான் உக்காந்திருக்கு. டப்பாவை மேஜை மேல வெச்சுக்கிட்டு. அரை மணி நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயி பைப்புல தண்ணி குடிச்சுட்டு வேலைக்குப் போயிரும். காலைல வீட்டுல ஒரு வாய் காப்பி, சாயங்காலம் கம்பெனி குடுக்கற டீயும் பன்னும். எனக்கு எப்படித் தெரியும்? அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு படுத்த படுக்கையா இருந்திருக்காரு, எட்டு மாசமா. ஆக்குற சோத்தை ரெண்டு வேளைக்கும் அவரு பக்கத்துல வெச்சு மூடிட்டு, காலி டப்பாவைத் தூக்கிக்கிட்டு வரும். ஷெட்டு இருந்த வரைக்கும் வட்டத்துல மூடி சுத்தியிருக்கு, யாருக்கும் ஒண்ணும் தெரியல. ஊரறிஞ்ச கஷ்டமா இருந்தா நானே போயிப் பாத்திருப்பேன்ல.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பிசிர் மேஜையிலயே சரிஞ்சு விழுந்துருச்சு. கத்திரி கையில இருக்கறப்பவே. மோவாயில மேஜை விளிம்பு பட்டு ஆறு தையல். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன், ஆட்டோவுல என் மடியிலதான் படுத்திருந்துச்சு. ஒடம்புல ரத்தமே இல்ல, இந்தம்மா சாப்பிடறதே இல்லையான்னு டாக்டர் என்னைப் பாத்துக் கேட்டாரு. "எங்க கம்பெனியில கேன்டீன் இருக்கு டாக்டர், நல்ல கேன்டீன்"னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

ஒடம்பு தேறற வரைக்கும் மெஷின் பக்கம் நிக்க வைக்கக் கூடாதுன்னு சட்டம். லெட்டர் குடுக்கணும், எச்.ஆர். கையெழுத்து போடணும். போட்டேன். ரெஸ்ட் எடுக்கட்டும்னு நல்லதுக்குத்தான் போட்டேன். "தேறினதும் வாக்கா, உன் டோக்கன் நம்பரை யாருக்கும் குடுக்க மாட்டேன்"னு கையைப் புடிச்சுச் சொன்னேன். அக்கா லெட்டரை நாலா மடிச்சு அந்தக் காலி டப்பாவுக்குள்ள வெச்சு மூடுச்சு. மறுவாரம் ரூமைக் காலி பண்ணிட்டு வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருச்சு.

அன்னைக்குத்தான் பாத்திமுத்து என் ரூமுக்கு வந்தா. மொத தடவையா கேக்காம நாற்காலியில உக்காந்தா. எல்லாத்தையும் சொன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு டீச்சர். "இத்தனை நாள் எங்கடி போனீங்க எல்லாரும்? அக்காவாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொன்னாத்தானே தெரியும்?"னு கத்திட்டேன். பாத்திமுத்து கத்தல. மெதுவாத்தான் கேட்டா.

"பதினோரு மாசம் தின்னியே, நீ சொல்லியா தின்ன?"

எந்திரிச்சுப் போயிட்டா.

அதுக்கப்புறம் எனக்கு ரூமுல உக்கார முடியல. முதலாளிகிட்டப் போனேன். பழையபடி ஒரே மணியா வெச்சுக்கலாம் சார்னேன். நீதானேம்மா போட்டுக் குடுத்த, இவ்வளவு நல்லா ஓடறதை எதுக்கு மாத்தணும்னாரு. நியாயம்தானே. சரி, பேட்ச் இருக்கட்டும், மூடியை மட்டும் கொண்டு வரலாம்னு ஒரு திட்டம் போட்டேன். ராத்திரி பகல் உக்காந்து போட்டேன். மேஜைக்கு ஒரு மூடி, பேட்சுக்குப் பேட்ச் தனியா. புது எவர்சில்வர் மூடி, நூத்தம்பது, அகலமா, அழகா. சுவத்துல "பகிர்ந்து உண்போம்"னு போர்டு. சாப்பிடறதுக்கு முன்னால ஆளுக்கு ஒரு பிடி மூடியில வெக்கணும், தேவைப்படறவங்க எடுத்துக்கலாம்னு சுற்றறிக்கை. தமிழ்லயும் ஹிந்தியிலயும் ஒடியாவுலயும்.

மொத வாரம் நான் நிக்கறப்ப வெச்சாங்க. யாரும் எடுக்கல. எடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சுரும்ல. வெச்ச சோறு அப்படியே காஞ்சு கெடந்துச்சு. ரெண்டாவது வாரம் வெக்கறதையும் நிறுத்திட்டாங்க. மூணாவது வாரம் போயிப் பாத்தா மூடியில முருங்கைக்காய்ச் சக்கை, கருவேப்பிலை, கோழி எலும்பு. மேஜை அழுக்காகாம இருக்க வசதியா இருக்கு மேடம்னு ஒரு பொண்ணு எங்கிட்டயே சொல்லுது, நல்ல மனசோட. இப்ப அந்த மூடியெல்லாம் கழுவறதுக்குன்னே ஒரு ஆள் போட்டிருக்கேன். ஒரு விளக்கக் கூட்டம் முன்னாலயே வெச்சிருந்தா சரியா வந்திருக்கும். ரெண்டாவது படியை விட்டுட்டேன். அது என் தப்புத்தான், ஒத்துக்கறேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி, கேளுங்க. இன்னைக்குக் காலைல நான் அக்கா ஊருக்குப் போனேன். ஒன்றரை வருஷமா போகணும் போகணும்னு இருந்து, இன்னைக்குத்தான். அக்கா வீட்டுக்காரரு போன தையில இறந்துட்டாராம், எனக்குத் தாக்கல்கூட வரல. திரும்ப வேலைக்குச் சேத்துக்கறோம்னு ஆர்டர் டைப் பண்ணி, முதலாளி கையெழுத்து வாங்கி, பையில வெச்சுக்கிட்டுப் போனேன். இந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டேன். காலி டப்பா. மொத நாள் நான் ஷெட்டுக்குக் கொண்டு போன அதே டப்பா டீச்சர், வளையம்கூட மாத்தல. வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே போனேன். போயி அக்கா வீட்டுத் தரையில உக்காரணும். டப்பாவை மடியில வெச்சுக்கணும். ஒண்ணும் பேசக் கூடாது. அக்கா பாக்கும். மூடியை மல்லாத்தி ஒரு பிடி வெக்கும். அது போதும். மன்னிப்புன்னு வாயைத் தொறந்து கேட்டா அக்காவுக்குக் கூச்சமாயிரும், எனக்கும் அழுகை வந்துரும். மூடி வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு.

வாசல்ல நின்னு "அக்கா"ன்னேன். அடுப்படியில இருந்து எட்டிப் பாத்துச்சு. தலை பூரா நரைச்சுப்போச்சு. மோவாயில அந்தத் தையல் தழும்பு. கையைத் தொடைச்சுக்கிட்டே வெளிய வந்துச்சு.

"வாங்க மேடம்"னுச்சு.

கேலின்னு நெனச்சேன். மூஞ்சியைப் பாத்தேன், கேலி இல்ல. பக்கத்து வீட்டுல போயி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிட்டு வந்து தொடைச்சுப் போட்டுச்சு. நான் கீழ உக்காரறேன்க்கான்னேன். "இருக்கட்டும் மேடம், தரை ஈரமா இருக்கு"ன்னு விடல. நாற்காலியில உக்காந்தேன். அக்கா நின்னுச்சு. எம் மகளைக் கேட்டுச்சு, பாத்திமுத்தைக் கேட்டுச்சு, முதலாளி நல்லாருக்காரான்னுகூடக் கேட்டுச்சு. ஆர்டரை எடுத்து நீட்டினேன். ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திச்சு. "இங்கன அங்கன்வாடியில சமைக்கப் போதேன் மேடம். நாப்பது பிள்ளைய. விட்டுட்டு வர முடியாது, மன்னிச்சுக்கிடுங்க"ன்னு திருப்பிக் குடுத்துருச்சு. மன்னிப்பை அக்கா கேக்குது. எங்கிட்ட.

அப்புறம்தான் டப்பாவைப் பையில இருந்து எடுத்து மடியில வெச்சேன். ரெண்டு கையையும் மேல வெச்சேன். வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன். பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால உக்காந்த மாதிரி.

அக்கா பாத்துச்சு. டப்பாவைப் பாத்துச்சு, என் கையைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. புரிஞ்சுது டீச்சர். அதுக்குப் புரியலன்னு மட்டும் நெனக்காதீங்க. அந்த வழக்கத்தை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அந்தக் கைதானே.

"டப்பாவைக் கீழ வைங்க மேடம்"னுச்சு. "மடியில இருந்தா சேலையில கறை படும்."

குத்திக் காட்டலைங்க. கோவமே இல்ல. குரல் அவ்வளவு மரியாதையா இருந்துச்சு. திட்டியிருந்தா காலைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். மரியாதையா பேசறவங்க காலைக் கட்டிக்க முடியாதுல.

நான் அசையல. அக்காவே குனிஞ்சு என் கையை ஒவ்வொண்ணா எடுத்துட்டு டப்பாவை வாங்கிட்டு உள்ள போச்சு. கரண்டிச் சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து என் கையில குடுத்துச்சு. கனத்துச்சு. டப்பா நெறையச் சோறு, அமுக்கி அமுக்கி வெச்சிருக்கு. "பஸ்ஸுல போகயில சாப்பிட்டுக்கிடுங்க மேடம். பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா மூணு மணிக்குத்தான்"னுச்சு. எந்திரிங்கன்னு சொல்லல. வேற எப்படிச் சொல்லுவாங்க?

மூடியில ஒரு பிடி குடுத்திருந்தா ரெண்டு வாய்தான் வரும் டீச்சர். அதுக்குத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். அக்கா டப்பா நெறையக் குடுத்து அனுப்பிருச்சு, ஆய்வுக்கு வந்த ஆபீஸருக்குக் கட்டிக் குடுக்கற மாதிரி.

தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன். வாசல்லதான் நின்னுச்சு. கையை ஆட்டினேன். அது கும்பிட்டுச்சு.

இந்தாங்க, கண்டக்டர் திருமங்கலம் திருமங்கலம்னு கத்தறாரு, பையை எடுத்துக்கோங்க. குடை மறந்துறாதீங்க. உங்க மூடி, இருங்க, துடைச்சுத் தர்றேன்.

அட. காலியா இருக்கே. நான் எப்ப சாப்பிட்டேன்? நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா? பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க, ஒரு வார்த்தை கேக்காம. நல்லா இருந்துச்சுங்க. உப்பு சரியா இருந்துச்சு.

என் டப்பா இப்படியே இருக்கட்டும். ஆரப்பாளையம் போயி திருப்பூர் பஸ் ஏறணும், இன்னும் நேரம் கெடக்கு. பையில எல்லாம் வைக்க மாட்டேன், மடியிலயே இருக்கட்டும். கறை படாது டீச்சர். அக்கா நல்லா இறுக்கித்தான் மூடியிருக்கு.